ஒரு இழுப்புக்கு ஒரு வெடி

இருங்கோ பிள்ளை, கதிரையை இஞ்சால இழுத்துப்போட்டு இருங்கோ. வக்கீலின்ரை ரயில் பிந்துதெண்டு சிறை வாசல்ல நிக்கிற காவல்காரன் சொன்னவன்தானே. அந்த மனிசன் வந்திட்டால் நான் ஒரு வசனம் சொல்ல, நீங்கள் அதை டொச்சில, இவையளின்ரை ஜேர்மன் பாசையில, சொல்ல, அவர் எழுத, எனக்கு மூச்சு விட நேரமிராது. இப்ப நாங்கள் ரண்டு தமிழ்ச் சனம். ஆறுதலாக் கதைக்கலாம். எதை மொழிபெயர்க்கிறது, எதை விடுறது எண்டு நான் இடையில சொல்லுவன். கோவிக்காதேங்கோ.

நான் ஒரு துவக்கு, துப்பாக்கி, வாங்கப் போனன். அவ்வளவுதான் நான் செய்தது. இந்த நாட்டில துவக்கு இல்லாத வீட்டை எண்ணிப் பாக்கலாம். வெள்ளைக்காரன் வாங்கினால் விளையாட்டு, நான் வாங்கினால் குற்றமோ? இதை நல்ல டொச்சில சொல்லுங்கோ. இது முக்கியம்.

என்ரை பேர் குலவீரசிங்கம். வேலையிடத்தில குலா. மட்டுவில் ஆள். அடிபாடு முத்த முந்தியே இஞ்ச வந்திட்டன். கிழங்கு பக்டரியில வேலை. லொறியில மண்ணோட வாற கிழங்கைக் கழுவி, அழுகல் பொறுக்கி அனுப்பிறது. நாங்கள் இருக்கிற கிராமத்தில தமிழாக்கள் எண்டால் நானும் மனிசியும்தான். இத்தனை வருசமா இருந்தும் ஒருத்தன் வீட்டுக்குள்ள வா எண்டு கூப்பிட்டதில்லை. றோட்டில கண்டால் "குறூட்சி" எண்டு வணக்கம் சொல்லுவாங்கள், அதோட சரி.

அப்பதான் றேத்தோ என்னைச் சுடுற இடத்துக்குக் கூட்டிக்கொண்டு போனவன். றேத்தோ எங்கட போர்மன். தங்கமான மனிசன். அவன்ரை காலுக்கு நடந்ததை நினைச்சால் எனக்கு இப்பவும் சரியான கவலை. உண்மையாத்தான் சொல்லுறன்.

கிராமத்து எல்லையில ஒரு நீளக் கொட்டில். ஒரு பக்கம் முழுக்கத் திறந்திருக்கும். பாயில குப்புறப் படுத்துக்கொண்டு பாத்தால் முன்னால பச்சை வயல், அங்கால முந்நூறு மீற்றரில வரிசையாக் குறிப்பலகை. நடுவில ஒரு கறுப்புப் பொட்டு. காதுக்கு மூடி போட்டு, சுடுற கிளப்பின்ரை துவக்கொண்டைத் தந்து, இழு எண்டாங்கள். இழுத்தன். தோளில ஒரு இடி. பக்கத்தில இருந்த சின்னத் திரையில புள்ளி விழுந்தது, கறுப்புக்குள்ள! றேத்தோ என்ரை முதுகில ஓங்கி ஒரு தட்டுத் தட்டினான் பாருங்கோ. அண்டைக்குத்தான் இந்த நாட்டில நானும் ஒரு ஆள் எண்ட எண்ணம் எனக்கு வந்தது.

பேந்து எல்லாரும் உள்ளுக்க மேசையில இருந்து பியர் குடிச்சவை. அப்ப ஒரு கிழவன் கேட்டான், "குலா, நீ போர் நடந்த நாட்டு ஆள். நீயும் சண்டை பிடிச்சனியோ?" எண்டு.

நான் தலையாட்டினன்.

ஏன் ஆட்டினனீங்கள் எண்டு பாக்கிறியள். இல்லையெண்டு சொல்லியிருந்தால் அடுத்த கேள்வி என்ன? அப்ப நீ ஏன் இஞ்ச வந்தனி எண்டுதானே கேப்பான். தலையாட்டினதும் கையில இருந்த பியரைக் கீழ வைச்சாங்கள். எல்லாரும் என்னைப் பாக்கிறாங்கள். அந்தப் பார்வையை நான் எங்க கண்டன் அதுக்கு முதல்? சொல்லு எண்டாங்கள். சொல்லாட்டில் மரியாதையில்லை. நான் சொன்னன்.

கதை என்ரை மனிசியின்ரை. குடும்பத்தில ஆர் பட்டாலும் பட்டதுதானே பிள்ளை.

தயாளினி இயக்கத்தில இருந்தவள். எல்லாம் முடிஞ்சு, காம்பில கிடந்து வெளியில வந்த பிறகு, மாமன்காரன் ஒருத்தர் பேசி எனக்குக் கட்டிவைச்சார். அப்பிடி இருந்த ஒருத்தியை ஆர் கட்டுவான் எண்டு கேட்ட ஆக்களும் இருக்கினம். நான் கட்டி இஞ்ச எடுத்தன். அதையும் எழுதிக்கொள்ளுங்கோ. அவள் கதைக்கிறது குறைவு. இடக் காது கேளாது, செல் விழுந்த சத்தத்தில போனது. முதுகில ஒரு இரும்புத் துண்டு கிடந்தது. அதை இஞ்ச ஆஸ்பத்திரியில வெட்டி எடுத்த அண்டைக்கு, மயக்க மருந்து தெளியாமல் கிடந்துகொண்டு அவளாச் சொன்ன கதைதான் அது. அதுக்குப் பிறகு ஒருநாளும் சொன்னதில்லை. நான் கேட்டும் சொன்னதில்லை.

ஒரு பங்கர். செல் மழை மாதிரி விழுகுது. இவளும் இன்னொரு பெட்டையும் மட்டும் மிச்சம், மற்ற எல்லாரும் அந்த மண்ணுக்குள்ளயே துண்டு துண்டாக் கிடக்கினம். அந்தப் பெட்டைக்கு வயித்தில சன்னம். குடல் வெளியில. இவள் தன்ரை சேட்டைக் கழட்டி அதைச் சுத்திக் கட்டி, அவளைத் தோளில தூக்கிக்கொண்டு கழுத்தளவு தண்ணிக்குள்ளால நடந்து போனவளாம். தண்ணியெல்லாம் சிவப்பு, பிரேதம் மிதக்குது, ஒதுக்கி ஒதுக்கிப் போகவேணும். கரைக்குப் போகேக்க பெட்டையின்ரை உயிர் போட்டுது. இதுதான் அவள் எனக்குச் சொன்னது.

நான் கனக்க மாத்தேல்லை. பெட்டையைப் பெடியனாக்கினன். தோளில தூக்கினது நான் எண்டன். போற வழியில நாலைஞ்சு பேரைச் சுட்டு விழுத்தினதாயும் சேத்தன். அப்பிடி ஒண்டு இல்லாட்டில் அவங்களுக்கு விளங்காது. சொல்லி முடிய அந்தக் கிழவன் எழும்பி வந்து என்ரை கையைப் பிடிச்சான். கண் கலங்கியிருந்தது. அடுத்த கிழமை ஒரு வீட்டில சாப்பாட்டுக்குக் கூப்பிட்டாங்கள். அதுக்கு அடுத்த கிழமை இன்னொரு வீடு. போற இடமெல்லாம் கதையைக் கேப்பாங்கள். சொல்லச் சொல்ல எனக்கும் அது நடந்த மாதிரியே வந்திட்டுது. அந்தத் தண்ணியின்ரை குளிர் காலில ஏறும். சத்தியமா.

சரி, துவக்குக்கு வாறன்.

ஒவ்வொரு முறையும் கிளப் துவக்கை இரவல் வாங்கிச் சுடுறது எனக்குக் கூச்சம். சண்டை பிடிச்சவனிட்ட சொந்தத் துவக்கு இல்லையோ எண்டு பகிடி விட்டாங்கள். வாங்குவம் எண்டு நினைச்சன். ஆனால் எதை வாங்கிறது? றேத்தோவோட இருந்து கனக்கக் கதைச்சன். முந்நூறு மீற்றருக்கு இஞ்ச மூண்டு வழி. ஒண்டு, பழைய கரபீனர். மரப் பிடி, வடிவான சாமான், ஆகலும் மலிவு. ஆனால் ஒவ்வொரு வெடிக்கும் கையால பின்னுக்கு இழுத்துத் தள்ளவேணும். ரண்டாவது, ஆமி முந்திப் பாவிச்ச, ஐம்பத்தேழு எண்டு சொல்லுற துவக்கு. அது தானே வெறுங்கோதை வெளியில தள்ளி, அடுத்த சன்னத்தை உள்ளுக்க எடுக்கும். இரும்பு, பாரம். பாரமெண்டபடியால் ஆடாது, தோளிலயும் அவ்வளவு இடிக்காது. முன்னால ரண்டு கால் இருக்கு, ஊண்டிப்போட்டுப் படுத்துச் சுடலாம். விலையும் கை எட்டுற விலை. மூண்டாவது இப்ப ஆமி வைச்சிருக்கிறது. சின்னன், லேசு, நல்ல குறி. ஆனால் என்ரை சம்பளத்துக்கு அதைக் கண்ணாடிக்கு வெளியில நிண்டுதான் பாக்கலாம்.

றேத்தோ சொன்னான், "குலா, இந்த விளையாட்டுக்கு நீ தொடக்கக்காரன். கரபீனரை எடு. ஒவ்வொரு வெடிக்கும் இடையில கை வேலை இருக்கும். யோசிக்க நேரம் கிடைக்கும்" எண்டு.

நான் கேக்கேல்லை. சண்டை பிடிச்சவன் ஒண்டொண்டா இழுத்துக்கொண்டிருந்தால் பாக்கிறவன் என்ன நினைப்பான்? எனக்குப் பட்டது ஐம்பத்தேழுதான்.

எண்டாலும் கடையில என்னை ஏமாத்திப் போடுவாங்கள் எண்ட பயம். அதால மனிசியைக் கூட்டிக்கொண்டு போவம், தெரிஞ்சவள்தானே எண்டு யோசிச்சன். வரமாட்டன் எண்டாள். பிள்ளை, மனிசன் ஒரு சாமான் வாங்கப் போறான், கூட வா எண்டால் வரவேண்டாமோ? சும்மா ஒரு அடி. பெரிசா இல்லை. இதை மொழிபெயர்க்க வேண்டாம். வந்தாள்.

கடைக்காரன் ஒரு மெல்லிய கிழவன். ஐம்பத்தேழை எடுத்து மேசையில வைச்சு எனக்கு விளங்கப்படுத்தினான். பொதுமக்களுக்கு விக்கிறது ஒரு இழுப்புக்கு ஒரு வெடி. விரலை விடவேணும். விட்டிட்டுத் திரும்ப இழுத்தால்தான் மற்ற வெடி. "தானா ஒருநாளும் வெடிக்காது, பயப்பிடாதை" எண்டு சிரிச்சவன். நான் தலையாட்டிக்கொண்டு நிக்கிறன். தயாளினி அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டு நிக்கிறாள். "எடுத்துப் பாரன், நல்லதோ எண்டு சொல்லன்" எண்டு அதைத் தூக்கி அவளின்ரை கையில குடுத்தன்.

கை தானா வேலை செய்யுது பாருங்கோ. குழல் நிலத்துக்கு, சன்னக்கூடு கழண்டுது, மற்றக் கை பின்னுக்கு இழுத்து உள்ளுக்கப் பாத்துது. கண் துவக்கைப் பாக்கேல்லை, என்னையும் பாக்கேல்லை. எங்கயோ. முகம் சாம்பல் மாதிரி. கழுத்தில வேர்வை. திருப்பி மேசையில வைச்சிட்டு வெளியில போய் றோட்டுக் கரையில சத்தி எடுத்தாள்.

கடைக்காரக் கிழவன் அவளைப் பாத்தான். பிறகு என்னைப் பாத்தான். "சுடப்போறது ஆர்?" எண்டு கேட்டான்.

"நான்" எண்டன். எனக்குச் சரியான கோவம்.

வெளியில வந்து, "எப்பிடி இருக்கு, சொல்லு" எண்டு கேட்டன். வாயைத் துடைச்சுக்கொண்டு, "எல்லாம் ஒண்டுதான். எல்லாம் ஆளைத்தான் கொல்லும்" எண்டாள். இது ஒரு பதிலோ? குறி பாத்துச் சுடுற விளையாட்டுக்கு வாங்கிறம், இவள் கொலையைப் பற்றிக் கதைக்கிறாள்.

வாங்கிறதெண்டால் பொலிசின்ரை அனுமதி வேணும். அது கிடைக்குமோ எண்டு எனக்கு ஒரு பயம் இருந்தது. முந்தி ஒரு ஞாயிற்றுக்கிழமை மேல் வீட்டுக்காரி சத்தம் கேக்குதெண்டு பொலிசைக் கூப்பிட்டிட்டாள். வந்தவை. தயாளினிக்குக் கண்ணுக்குக் கீழ வீங்கியிருந்தது. கதவில இடிச்சதெண்டு அவளே சொன்னாள். நான் சொல்லச் சொல்லேல்லை. அவளாச் சொன்னது. அதால ஒண்டும் பதியேல்லை, அனுமதி வந்திட்டுது. அண்டைக்கு என்னைக் காப்பாத்தினவள் இண்டைக்கு இப்பிடிச் செய்யிறாள் எண்டால், இடையில ஆரோ அவளைக் கெடுத்திட்டினம் எண்டுதானே அர்த்தம்?

துவக்கு வீட்டுக்கு வந்த நாளிலிருந்து அவள் படுக்கிற அறைக்குள்ள வரமாட்டாள். குளிக்கிற அறையில, நிலத்தில, கதவைப் பூட்டிக்கொண்டு படுப்பாள். அந்த எண்ணெய் மணம் ஒத்துக்கொள்ளுதில்லையாம். அப்ப பழகவேணும்தானே. பழகட்டும் எண்டுதான் துவக்குச் சுத்தம் பண்ணுற வேலையை அவளிட்டக் குடுத்தன். கண்ணை மூடிக்கொண்டு செய்வாள். கழட்டிப் பூட்டி முடிக்கேக்க உதட்டைக் கடிச்சு ரத்தம் வந்திருக்கும். ஒரு நாள் அரைவாசியில போட்டிட்டு எழும்பினாள். துவக்குப் பிடியின்ரை பின்பக்கத்தால விலாவில ஒண்டு வைச்சன். எலும்பு முறியேல்லை. முறிஞ்சிருந்தால் வேலைக்குப் போயிருப்பாளோ? அடுத்த நாள் போனவள். இதையும் விடுங்கோ பிள்ளை.

எழுதிறியளோ? ஓ, சும்மா கோடு. சரி.

இனி அந்த நாள். இலையுதிர்காலத்தில கிளப்புக்கு ஒரு கொண்டாட்டம். குடும்பங்களோட வருவினம். சுடுறது ஒரு பக்கம், சாப்பாடு ஒரு பக்கம், சொசேஜ் வாட்டுற புகை, பெண்டுகள் செய்துகொண்டு வாற கேக். மனிசியைக் கூட்டிக்கொண்டு வா எண்டு றேத்தோ சொன்னவன். கூட்டிக்கொண்டு போனன். நீலச் சட்டை போட்டிருந்தாள். வடிவாத்தான் இருந்தாள்.

மேசையில றேத்தோவின்ரை மனிசி ஊர்சுலா தயாளினிக்குப் பக்கத்தில இருந்தவ. நல்ல மனிசி. வாயை வைச்சுக்கொண்டு சும்மா இருக்கத் தெரியாதவ. தயாளினியின்ரை கையைப் பிடிச்சுக்கொண்டு, இவளுக்கு விளங்கட்டும் எண்டு ஆறுதலா, ஒவ்வொரு சொல்லாச் சொல்லுறா. உன்ரை மனிசன் எவ்வளவு தைரியசாலி. அந்தப் பங்கர். அந்தக் கூட்டாளி. சேட்டால வயித்தைக் கட்டினது. அந்தத் தண்ணிக்குள்ளால தோளில தூக்கிக்கொண்டு போனது.

நான் எதிர்ப்பக்கம் இருக்கிறன். கதையை மாத்துவம் எண்டு பாத்தன், ஏலேல்லை. தயாளினி கேட்டுக்கொண்டே இருந்தாள். முழுக்கக் கேட்டாள். நல்ல காதை ஊர்சுலாவின்ரை பக்கம் திருப்பி வைச்சுக்கொண்டு கேட்டாள். பிறகு என்னைப் பாத்துத் தமிழில கேட்டாள்.

"அவளின்ரை பேரைச் சொல்லுங்கோ."

"என்ன?"

"தூக்கிக்கொண்டு போனனீங்கள்தானே. பேரைச் சொல்லுங்கோ."

"வீட்டை போய்க் கதைப்பம்" எண்டன் பல்லைக் கடிச்சுக்கொண்டு.

அவள் ஊர்சுலாவின்ரை பக்கம் திரும்பினாள். அவளின்ரை டொச் உடைஞ்ச டொச். ஆனால் விளங்கிச்சுது. எல்லாருக்கும் விளங்கிச்சுது. "அவர் இல்லை. நான்" எண்டாள். "தண்ணிக்குள்ள தூக்கிக்கொண்டு போனது பொய். அது நான் சொன்ன பொய். அவளைத் தூக்க ஏலாமல் இருந்தது. ஆமி கிட்ட வந்திட்டான். விட்டிட்டுப் போகாதை, உயிரோட பிடிபட விடாதை எண்டு கேட்டவள். அதால நான் சுட்டன். இஞ்ச." தன்ரை நெத்தியைத் தொட்டுக் காட்டினாள். ஒரு பேரும் சொன்னாள். "அவள் என்னைப் பாத்துக்கொண்டிருந்தவள்" எண்டாள்.

எனக்கே அண்டைக்குத்தான் தெரியும். கட்டின புருசனுக்குச் சொல்லாமல் ஊர்ச் சனத்துக்கு முன்னால சொல்லுறாள். இது ஞாயமோ?

அந்தக் கிழவன், என்ரை கையைப் பிடிச்சு அழுதவன், தட்டைத் தள்ளி வைச்சான். என்னை ஒருத்தரும் பாக்கேல்லை. ஒருத்தனாவது பேசியிருக்கலாம், ஏசியிருக்கலாம். அவங்கள் பாக்காமல் விட்டாங்கள், அந்த முந்தின வருசங்கள் மாதிரி. தயாளினி என்னட்ட மெல்லமாச் சொன்னாள், "என்னைத் தந்தன். அவளையும் தரவேணுமோ உங்களுக்கு?"

அந்த நேரம் பாத்து என்ரை பேரைக் கூப்பிட்டாங்கள். சுடுறதுக்கு என்ரை முறை. நான் எழும்பிப் போனன். போகாமல் இருந்திருந்தால் அது இன்னும் வெக்கம். பாயில படுத்தன். சன்னக்கூட்டைப் போட்டன். கறுப்புப் பொட்டு ஆடுது. ஒரு வெடியும் வைக்கேல்லை.

அவள் பின்னால வந்து நிண்டாள். காதுமூடி போட்டிருந்தும் கேட்டுது. "துவக்கை வைச்சிட்டு எழும்புங்கோ" எண்டாள். கத்தேல்லை. வேலைக்காரனுக்குச் சொல்லுற மாதிரி.

நான் முழங்காலில எழும்பித் திரும்பினன். அவ்வளவுதான் பிள்ளை. திரும்பிப் பாத்தன். துவக்கு கையில இருந்தது, அதுவும் என்னோட சேந்து திரும்பிச்சுது. குழல் அவளின்ரை நெஞ்சுக்கு நேர. அவள் பயப்பிடேல்லை. ஒரு துளி பயமில்லை. அதுதான் எனக்கு விசரைக் கிளப்பினது.

இல்லை, இல்லை. அதை விடுங்கோ. அதைச் சொல்லவேண்டாம். தவறுதலா எண்டு சொல்லுங்கோ.

அவள் பாய்ஞ்சு குழலைக் கையால மேல தள்ளினாள். வெடிச்சுது. கூரை மரத்தில பட்டு, சிராய் எல்லாம் அவளின்ரை தலையில கொட்டுது. குழல் வாயில வந்த நெருப்பு அவளின்ரை உள்ளங்கையைச் சுட்டுது, விடுறாளில்லை. நான் இழுக்கிறன், அவள் இழுக்கிறாள். அதுக்குள்ள றேத்தோ உள்ளுக்க இருந்து ஓடி வாறான், "குலா! குலா!" எண்டு. இடையில விழுந்தான். திரும்ப வெடிச்சுது.

றேத்தோவின்ரை தொடை. கிட்டத்தில வைச்சு வெடிச்சது பிள்ளை, ஆமிச் சன்னம். கால் மற்றப் பக்கம் மடிஞ்சு போச்சு. காற்சட்டைக்குள்ளால எலும்பு தெரியுது, வெள்ளையா. ரத்தம் விசிறி அடிச்சுது, என்ரை முகத்தில, கண்ணுக்குள்ள, வாய்க்குள்ள. ஊர்சுலா கத்தின சத்தம் இப்பவும் காதுக்குள்ள இருக்கு.

அப்பதான் தயாளினி என்ரை கையை முறிச்சாள். எப்பிடிச் செய்தாளெண்டு தெரியாது. முழங்கையைத் தன்ரை முழங்காலில வைச்சு ஒரு அமத்து. பச்சைத் தடி முறியிற மாதிரிச் சத்தம். துவக்கு அவளின்ரை கைக்குப் போட்டுது. நான் கண்ணை மூடினன். என்னைச் சுடப்போறாள் எண்டே நினைச்சன். சுட்டிருந்தால் ஒருத்தரும் கேட்டிருக்க மாட்டினம்.

அவள் சன்னக்கூட்டைக் கழட்டினாள். இழுத்து உள்ளுக்குக் கிடந்ததை வெளியில எடுத்தாள். வாரைக் கழட்டினாள், நான் புதுசாப் போட்ட தோல் வார். துவக்கைக் குறிப்பலகைப் பக்கம் பாக்க வைச்சிட்டு, அந்த வாரால றேத்தோவின்ரை தொடையை மேல கட்டி, ஒரு தடியை விட்டு முறுக்கினாள். தன்ரை முழங்காலை அந்தப் புண்ணுக்கு மேல வைச்சு ஏறி இருந்தாள். நீலச் சட்டை முழுக்கச் சிவப்பு. அவங்கள் எல்லாரும் இந்த நாட்டு ஆமியில பயிற்சி எடுத்தவங்கள், ஆனால் மரம் மாதிரி நிக்கிறாங்கள். "பிடி! அமத்து! தலையை உயத்தாதை!" எண்டு தமிழில கத்துறாள். ஒவ்வொருத்தனும் ஓடி ஓடிச் செய்யிறான். தமிழ் விளங்கினமாதிரி.

ஆஸ்பத்திரி ஹெலிகொப்டர் வருமட்டும் றேத்தோவோட கதைச்சுக்கொண்டே இருந்தாள். தமிழில. "கண்ணை மூடாதை. என்னைப் பார். நான் உன்னை விட்டிட்டுப் போகமாட்டன், என்னைப் பார்." வேற நாட்டு ஆம்பிளையோட அப்பிடிக் கதைக்கிறாள். நான் பக்கத்தில கை முறிஞ்சு கிடக்கிறன், ரண்டு பேர் என்ரை முதுகில ஏறி இருக்கிறாங்கள், மண் வாய்க்குள்ள போகுது. என்னைத் திரும்பியும் பாக்கேல்லை.

றேத்தோவின்ரை காலை வெட்டி எடுத்துப்போட்டினமாம். ஆனால் ஆள் பிழைச்சிட்டான். பிழைச்சபடியால்தான் எனக்கு வழக்குக் கொஞ்சம் லேசு எண்டு வக்கீல் சொன்னவர். அதுக்கு அவளுக்கு நன்றி சொல்லவேணும்தான், இல்லையெண்டு சொல்லேல்லை.

விசாரிக்கிற பொலிஸ்காரி ஒருத்தி என்னட்டத் திருப்பித் திருப்பி ஒண்டைத்தான் கேக்கிறா. ரண்டு வெடிக்கும் இடையில விரல் என்ன செய்தது எண்டு. ரண்டாவது தானா வெடிச்சதெண்டு சொன்னன். அது அப்பிடிச் செய்யாத துவக்கு எண்டுறா. கடைக்காரனையும் கூப்பிட்டுக் கேட்டிருக்கினம். அவன் சொல்லுவான்தானே, தன்ரை சாமானை விட்டுக் குடுப்பானோ? நான் யோசிச்சுப் பாத்தன் பிள்ளை. கரபீனரை வாங்கியிருந்தால் ஒரு வெடியோட முடிஞ்சிருக்கும். கூரையில ஒரு ஓட்டை, அவ்வளவுதான். எனக்கு அந்தத் துவக்கை வித்ததுதான் பிழை. தொடக்கக்காரனெண்டு தெரிஞ்சும் வித்தவன். இதை வக்கீலிட்டக் கட்டாயம் சொல்லவேணும். "தானா" எண்டதுக்கு நல்ல டொச் சொல் ஒண்டு போடுங்கோ.

இப்ப அவள் எங்க இருக்கிறாள் தெரியுமோ? ஊர்சுலாவின்ரை வீட்டில! காலில்லாதவனுக்குச் சாப்பாடு கொண்டு போறாளாம் ஆஸ்பத்திரிக்கு. எனக்கு ஒருநாள் வந்து எட்டிப் பாக்கேல்லை. பொலிசிட்ட எல்லாத்தையும் சொல்லிப்போட்டாளாம், அந்த ஞாயிற்றுக்கிழமை, விலா, கட்டின நாளிலிருந்து எல்லாம். டொக்டர் படம் பிடிச்சுப் பாத்து விலாவில ரண்டு முறிவு எண்டு எழுதினவராம். அப்ப முறிஞ்சுதான் இருந்ததோ? முறிஞ்சிருந்தால் சொல்லியிருக்கலாம்தானே. வாயைத் திறந்து சொன்னால்தானே மனிசனுக்குத் தெரியும்.

வாறார் போல. அது வக்கீலின்ரை குரல்தான், படியில.

கெதியாக் கேளுங்கோ. போன முறை வரேக்க வக்கீல் ஒரு வழி சொன்னவர். போரில அடிபட்ட ஆக்களுக்கு மனம் குழம்பும், பழைய நினைவு வந்து தங்களை அறியாமல் எதையும் செய்துபோடுவினம், அப்பிடி எண்டால் நீதிபதி குறைச்சுப் பாப்பாராம். "உனக்கு அப்பிடி ஏதும் இருக்கோ?" எண்டு கேட்டார். நான் யோசிச்சுச் சொல்லுறன் எண்டனான். யோசிச்சிட்டன். இருக்கு எண்டு சொல்லுங்கோ. பங்கரைப் பற்றிச் சொல்லுங்கோ. இந்த முறை தூக்கிக்கொண்டு போன கதை வேண்டாம், அந்த மற்றக் கதை. அந்தப் பெட்டை கேட்டவள், நான் சுட்டனான் எண்டு. நெத்தியில. அவள் என்னைப் பாத்துக்கொண்டிருந்தவள் எண்டதையும் சொல்லுங்கோ, அதைக் கேட்டால் ஒருத்தரும் தாங்கமாட்டினம்.

பேர் கேப்பினம். எனக்கு ஞாபகமில்லை. அண்டைக்குச் சொன்னவள்தான், ஏதோ பூவின்ரை பேர் மாதிரி ஒண்டு. நீங்களே ஒண்டைப் போடுங்கோ பிள்ளை. எந்தப் பேரெண்டாலும் சரி. இவையளுக்கு எங்கட பேரெல்லாம் ஒண்டுதானே.